வீடு டெக்சாஸில், லைசென்ஸ் நியூ ஜெர்சியில்: ஒரு டிரக் ஓட்டுநரின் 59 நாட்கள்

2025 ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எனக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் ஆர்கன்சாஸ் மாநிலத்தின் கிழக்கு எல்லையில், மெம்பிஸ் பாலத்துக்கு முன்னால் ஐ-40 நெடுஞ்சாலையில் இருக்கும் எடை நிலையத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“தம்பி, என்ற லைசென்ஸ் செல்லாதுங்கறாங்க. கார்டுல 2026 வரைக்கும்னுதான் போட்டிருக்குது. நான் ஒரு டிக்கெட்கூட வாங்கல. வண்டிய இங்கேயே நிறுத்துன்னு எழுதிக் குடுத்துட்டாங்க.”

நான் வேறொரு டிரக் கம்பெனியில் சேஃப்டி பிரிவில் வேலை பார்க்கிறேன். ஓட்டுநர்களின் லைசென்ஸ், மெடிக்கல் கார்டு என்னும் உடல் தகுதிச் சான்று, ஓட்டிய நேரத்தைக் குறிக்கும் லாக் எல்லாம் தினமும் என் மேசைக்கு வருபவை. இவரை எனக்குத் தமிழ்ச் சங்கத்தில் பழக்கம். நாமக்கல் பக்கத்துக்காரர், வயது 46, அப்பாவும் லாரி ஓட்டியவர். மனைவியின் வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைத்து, 2018-இல் நியூ ஜெர்சியில் கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்தார். எல்லோரும் சி.டி.எல். என்று சொல்லும் அதே லைசென்ஸ்தான், பெரிய டிரெய்லர் டிரக்குக்கான ஏ வகுப்பு. அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விதிகளையும் நாள் கணக்கையும் தொடவில்லை.

அன்று அவருக்கு நடந்தது, டிரக்குக்கு அடியில் போகாமல் ஓட்டுநரின் காகிதங்களை மட்டும் பார்க்கும் மூன்றாம் நிலைச் சோதனை. அதிகாரி லைசென்ஸ் எண்ணைக் கணினியில் தட்டியதும், கமர்ஷியல் உரிமை நீக்கப்பட்டு வெறும் கார் லைசென்ஸாக இறங்கியிருப்பது தெரிந்தது. பையிலிருந்த கார்டில் பழையபடி ‘ஏ’ என்று இருந்தாலும் அரசுப் பதிவில் அது இல்லை. சாலையில் செல்லுபடியாவது பதிவுதான்.

“அண்ணா, மெடிக்கல் எப்ப எடுத்தீங்க?” என்று கேட்டேன். ஜூன் 2-ஆம் தேதி எடுத்ததாகவும், கார்டு கையிலேயே இருப்பதாகவும் சொன்னார். “அதை நியூ ஜெர்சிக்கு அனுப்பினீங்களா?” என்றதற்கு அவர் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “கம்பெனிக்குக் குடுத்தனே” என்றார்.

சரி, நடந்ததைத் தேதி வாரியாகச் சொல்கிறேன்.

மனைவிக்கு டல்லாஸ் பக்கம் வேலை மாற்றம் வந்தது. ஜூன் 14, சனிக்கிழமை, நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு ஃபிரிஸ்கோவில் ஓர் அபார்ட்மென்டுக்குக் குடிவந்தார்கள். சாமான்களை இறக்கிய மூன்றாம் நாளே இவர் லோடு எடுக்கப் போய்விட்டார். கம்பெனி இண்டியானாவில், டிரக்கில் இருப்பதும் இண்டியானா நம்பர் பிளேட். மாதத்தில் நாலைந்து நாள்தான் வீடு, மற்றபடி டிரக்கின் ஸ்லீப்பரில்தான் படுக்கை. இந்த மாதிரி வாழ்க்கையில் “உங்கள் ஊர் எது?” என்ற கேள்விக்குப் பதில் சொல்வது அவ்வளவு சுலபமில்லை.

மத்திய விதி அதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கிறது. கூட்டாட்சி விதித் தொகுப்பின் 49-ஆம் தலைப்பில் 383-ஆம் பகுதிதான் சி.டி.எல். சட்டம் என்று சொல்லலாம். ஒருவருடைய உண்மையான, நிலையான வீடு எந்த மாநிலத்தில் இருக்கிறதோ, வெளியே போனால் எங்கே திரும்பி வரும் எண்ணத்தோடு போகிறாரோ, அதுதான் அவருடைய மாநிலம். கம்பெனி இருக்கும் இடத்தையோ வண்டியின் நம்பர் பிளேட்டையோ வைத்து இது முடிவாவதில்லை. வருடத்தில் 300 நாள் சாலையில் இருந்தாலும், குடும்பம் ஃபிரிஸ்கோவில் குடியேறி, அங்கேதான் திரும்பி வருகிறார் என்றால் ஜூன் 14 முதல் அவர் டெக்சாஸ்காரர். ராணுவத்தில் இருப்பவர்களுக்கு மட்டும் 2012-இல் வந்த ஒரு சட்டத்தின்படி, அவர்கள் பணியமர்த்தப்பட்ட மாநிலமே சி.டி.எல். கொடுக்கலாம் என்று விலக்கு உண்டு.

வீடு மாறியதும் 30 நாளுக்குள் புதிய மாநிலத்தில் சி.டி.எல்.லுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இவருடைய கெடு ஜூலை 14.

அதை ஏன் விட்டார் என்று பலமுறை அவரிடம் கேட்டிருக்கிறேன். காரணங்கள் இரண்டு. எனக்கு இரண்டுமே புரிகிறது.

ஒன்று, அபார்ட்மென்டில் இருந்த நம்மவர்கள் எல்லோரும் “டெக்சாஸில் 90 நாள் டைம் இருக்கு, மெதுவாப் போங்க” என்றிருக்கிறார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை. கார் லைசென்ஸுக்கு டெக்சாஸ் 90 நாள் தருகிறது. கார் லைசென்ஸ் கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு: பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் 60 நாள், கலிபோர்னியாவில் வெறும் 10 நாள். ஆனால் சி.டி.எல்.லுக்கு 30 நாள் என்பது மத்திய விதி, அதை எந்த மாநிலமும் நீட்ட முடியாது. ஐ.டி.யில் வேலை பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரருக்குச் சரியான தகவல் டிரக் ஓட்டுபவருக்குத் தப்பாகிப் போனது.

இரண்டாவது காரணம் ஊரிலிருந்தே வந்தது. இந்தியாவில் ஓர் ஆர்.டி.ஓ. கொடுத்த லைசென்ஸ் நாடு முழுக்கச் செல்லும். நாமக்கல்லில் எடுத்த ஹெவி லைசென்ஸை வைத்துக்கொண்டு நாக்பூரில் குடியிருந்தபடியே பத்து வருடம் லாரி ஓட்டலாம். வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் நிறுத்தி வைத்தால் மறுபதிவு செய்ய வேண்டியது வண்டியைத்தான். அதனால் “லைசென்ஸ் நாட்டுக்கே பொதுதானே” என்ற நினைப்பு நம் ஆட்களுக்கு ரத்தத்தில் ஊறியது. அமெரிக்காவிலும் சி.டி.எல். எல்லா மாநிலச் சாலையிலும் செல்லும் என்பதால் அந்த நினைப்பு கலையாமலே இருந்துவிடுகிறது. ஆனால் அதை வைத்திருக்கும் உரிமை வீடு இருக்கும் மாநிலத்தோடு கட்டப்பட்டது.

இந்தக் கட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1980-கள் வரை இங்கே ஒரு ஓட்டுநர் மூன்று நான்கு மாநிலங்களில் லைசென்ஸ் வைத்திருக்க முடிந்தது. ஒன்றில் அபராதங்கள் சேர்ந்து பறிபோனால் இன்னொன்றைக் காட்டி ஓட்டினார்கள். அதை நிறுத்தத்தான் 1986-இல் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1987 ஜூலை 1 முதல் ஒருவருக்கு ஒரே லைசென்ஸ். 1992 ஏப்ரல் 1 முதல் எல்லா மாநிலங்களிலும் கனரக வண்டிக்கு சி.டி.எல். கட்டாயம். மாநிலங்களை இணைக்கும் பதிவேட்டில் ஓட்டுநருக்கு ஒரே ஒரு சுட்டி இருக்கும். “இவருடைய முழு வரலாறும் இந்த மாநிலத்தில் இருக்கிறது” என்று அது காட்டும். வீடு மாறும்போது வரலாறு மொத்தமும் பழைய மாநிலத்திலிருந்து புதிய மாநிலத்துக்குப் போகும், பழைய கார்டு ஒப்படைக்கப்படும். ஒரு மனிதன், ஒரு கார்டு, ஒரு வரலாறு என்ற இந்த ஏற்பாட்டை நான் முழு மனதோடு மதிக்கிறேன். 80,000 பவுண்டு எடையோடு நம் பிள்ளைகளின் ஸ்கூல் பஸ்ஸுக்குப் பக்கத்தில் ஓடும் வண்டி அது.

இனி மெடிக்கல் விஷயம். இவர் விழுந்த குழி இதுதான்.

மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டும் சி.டி.எல். ஓட்டுநர் அதிகபட்சம் 24 மாதத்துக்கு ஒரு முறை உடல் தகுதிப் பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் சான்றிதழ் லைசென்ஸ் கொடுத்த மாநிலத்தின் பதிவில் ஏற வேண்டும். இவருடைய பழைய சான்று ஜூன் 6-இல் முடிந்தது. புதியதை ஜூன் 2-ஆம் தேதியே எடுத்துவிட்டார், அதில் குறையே இல்லை. ஆனால் பரிசோதகர் பதிவேற்றும் முடிவு மத்தியப் பதிவேடு வழியாக மாநிலத்துக்கு மின்னணு முறையில் போகும் ஏற்பாட்டுக்கு மத்திய விதி வைத்த தொடக்க நாளே ஜூன் 23, அன்றும் எல்லா மாநிலங்களும் தயாராக இல்லை. அதற்கு முன் எடுத்தவர்கள் நகலைத் தாங்களே மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். இவர் எடுத்தது அதற்கு மூன்று வாரம் முந்தி, எனவே இவருக்குப் பழைய முறைதான்.

கம்பெனியும் இதில் தவறியது. அப்போதைய விதிப்படி புதிய மெடிக்கல் கார்டின் நகல் 15 நாளுக்குத்தான் சான்றாகச் செல்லும். அதற்குள் மாநிலத்தின் பதிவை எடுத்துப் பார்த்து, சான்று அதில் ஏறியிருக்கிறதா என்று கம்பெனி உறுதி செய்ய வேண்டும். ஃபைலில் நகலைப் போட்டதோடு அவர்கள் நிறுத்திக்கொண்டார்கள். நான் தினம் செய்யும் வேலை இது. இரண்டு நிமிடம்கூட ஆகாது. அந்த இரண்டு நிமிடத்தை யாராவது ஒதுக்கியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

சான்று வரவில்லை என்றால் மாநிலம் 10 நாளுக்குள் பதிவில் ‘சான்று இல்லை’ என்று குறிக்க வேண்டும், ஓட்டுநருக்குக் கடிதம் போட வேண்டும், 60 நாளுக்குள் கமர்ஷியல் உரிமையை நீக்க வேண்டும். ஜூன் 6-இலிருந்து 60 நாள் என்றால் ஆகஸ்ட் 5. கடிதம் எடிசன் முகவரிக்குத்தான் போயிருக்கும். அதற்குள் இவர்கள் வீட்டைக் காலி செய்துவிட்டார்கள், கடிதம் கைக்கு வரவே இல்லை. எனவே ஆகஸ்ட் முதல் வாரத்திலிருந்து ஒரு வாரம் அவர் சி.டி.எல். இல்லாமலேயே அந்த டிரக்கை ஓட்டியிருக்கிறார், அதுவும் தெரியாமலேயே.

இரண்டு கெடுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. ஜூலை 14-க்குள் டெக்சாஸ் கவுண்டருக்குப் போயிருந்தால் அங்கே மெடிக்கல் கார்டைக் கேட்டிருப்பார்கள், கையில் இருந்ததை நீட்டியிருப்பார். சான்று டெக்சாஸ் பதிவில் ஏறியிருக்கும், நியூ ஜெர்சியில் ஓடிக்கொண்டிருந்த கணக்கு அதோடு முடிந்திருக்கும். உரிமை போகும் நாளுக்கு 22 நாள் முன்பே எல்லாம் சரியாகியிருக்கும். வெறும் தொல்லை என்று அவர் தள்ளிப்போட்ட அந்த 30 நாள் விதியே, கம்பெனி தவறியபோதும் அவரைக் காப்பாற்றியிருக்கும்.

அன்று இரவு கம்பெனி வேறொரு ஓட்டுநரை அனுப்பி லோடை எடுத்துக்கொண்டது. இவர் பஸ்ஸில் வீடு திரும்பினார். மறுநாள் அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தோம்.

முதல் யோசனை எடிசனில் இருக்கும் மச்சானிடமிருந்து வந்தது. “மாமா, என் அட்ரஸைப் போட்டு நியூ ஜெர்சியிலேயே சரி பண்ணிக்குங்க, டெக்சாஸை அப்புறம் பாத்துக்கலாம்.” உதவி செய்ய நினைத்துச் சொன்னதுதான். நான் வேண்டாம் என்றேன். விண்ணப்பத்தில் பொய்த் தகவல் கொடுத்தது தெரிந்தால் மாநிலம் குறைந்தது 60 நாள் தொடர்ச்சியாகத் தகுதி நீக்கம் செய்தாக வேண்டும். மோசடி என்று தண்டனை ஆனால் ஒரு வருடம். அதோடு இவர் விஷயத்தில் பொய் நிற்கவே நிற்காது. ஏன் என்றால், சம்பளச் சீட்டு.

நியூ ஜெர்சியில் மாநில வருமான வரி உண்டு, டெக்சாஸில் இல்லை. பல மாநிலங்களில் ஓடும் டிரக் ஓட்டுநரின் சம்பளத்துக்கு அவர் குடியிருக்கும் மாநிலம் மட்டுமே வருமான வரி போடலாம் என்று மத்தியச் சட்டம் சொல்கிறது. இது தெரிந்து, குடிவந்த வாரமே கம்பெனியின் சம்பளப் பிரிவில் முகவரியை மாற்றிவிட்டார். ஜூன் கடைசிச் சீட்டிலிருந்தே ஃபிரிஸ்கோ முகவரி, நியூ ஜெர்சி வரிப் பிடித்தம் பூஜ்யம். மேசையில் அந்தச் சீட்டைப் பரப்பி வைத்துக்கொண்டு அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிக்கு டெக்சாஸ், லைசென்ஸுக்கு நியூ ஜெர்சி என்று இரண்டு ஊரில் ஒரே சமயம் குடியிருக்க முடியாது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

டெக்சாஸில் நேராக மாற்றவும் வழியில்லை. பழைய மாநிலத்தில் செல்லுபடியாகும் சி.டி.எல். இருந்தால்தான் ஓட்டுநர் தேர்வு இல்லாமல் மாற்றித் தருவார்கள். எனவே முதலில் நியூ ஜெர்சிக்கு மெடிக்கல் சான்றும், எந்த வகை ஓட்டம் என்ற உறுதிமொழிப் படிவமும் அனுப்பினோம். ஜூன் 14-இல் வீடு மாறியதையும், டெக்சாஸுக்கு மாற்றப் போவதையும் கூடவே ஒரு கடிதத்தில் மறைக்காமல் எழுதினோம். எட்டு நாளில் உரிமை திரும்பியது. இடைவெளி சிறியது, சான்றும் காலாவதிக்கு முன்பே எடுத்தது என்பதால் மறுதேர்வு கேட்கவில்லை. எல்லா மாநிலத்திலும் இப்படி நடக்கும் என்று எண்ண வேண்டாம், திருப்பித் தரும் முறை இடத்துக்கு இடம் வேறு.

அடுத்தது டெக்சாஸ் பொதுப் பாதுகாப்புத் துறையின் லைசென்ஸ் அலுவலகம். டி.பி.எஸ். என்பார்கள். நியூ ஜெர்சி கார்டு, கிரீன் கார்டு, சமூகப் பாதுகாப்பு அட்டை, மெடிக்கல் சான்று எல்லாம் தயார். டெக்சாஸ் முகவரிக்கு இரண்டு சான்று வேண்டும் என்றபோது இடித்தது. வாடகை ஒப்பந்தம் மனைவி பெயரில், கரண்ட் பில் மனைவி பெயரில், இன்டர்நெட்டும் அப்படியே. வீட்டில் இல்லாத மனுஷனின் பெயரை எதிலும் போடாமல், இருக்கிற ஆள் கையெழுத்துப் போட்டு வேலையை முடித்திருக்கிறார்கள். டிரக் ஓட்டுபவர்களின் வீடுகளில் பெரும்பாலும் இப்படித்தான். அலமாரியைக் குடைந்ததில் அவர் பெயரில் இரண்டே இரண்டு காகிதம் அகப்பட்டது. ஒன்று, கார் இன்சூரன்ஸ். இன்னொன்று, அதே சம்பளச் சீட்டு.

கவுண்டரில் அரை மணி நேரம். பழைய மாநிலத்தின் வரலாற்றையும், போதைப்பொருள் மற்றும் மது சோதனைக்கான மத்தியப் பதிவேட்டையும் பார்த்தார்கள். அந்தப் பதிவேட்டில் தடை இருந்தால் சி.டி.எல். தரக்கூடாது என்பது 2024 நவம்பர் 18 முதல் எல்லா மாநிலங்களுக்கும் கட்டாயம். இவருக்கு எதுவும் இல்லை. நியூ ஜெர்சி கார்டை வாங்கிக்கொண்டார்கள், தற்காலிகக் காகிதம் கையில் வந்தது.

அதில் ‘எச்’ இல்லை. எச் என்பது ஆபத்தான பொருட்களை ஏற்றுவதற்கான அனுமதி, ஓட்டுநர்கள் ஹாஸ்மாட் என்பது இதைத்தான். மாநிலம் மாறும்போது அதைத் தக்கவைக்க, முந்தைய இரண்டு வருடத்துக்குள் அதற்கான தேர்வில் தேறியிருக்க வேண்டும். இவர் கடைசியாகத் தேறியது 2022-இல். கைரேகை கொடுத்து வாங்கிய மத்தியப் பாதுகாப்பு அனுமதி பழைய கெடு வரை செல்லும், அதை மறுபடி எடுக்க வேண்டாம். எழுத்துத் தேர்வை மட்டும் எழுத வேண்டும். 30 கேள்வி, 24 சரியாக இருக்க வேண்டும். படிக்காமல் போய் உட்கார அவருக்கு மனமில்லை. எரிபொருள் டேங்கர் ஓட்டத்தை விட்டுவிட்டு, கொஞ்ச நாள் பலசரக்கு லோடு போதும் என்று செப்டம்பர் 3-ஆம் தேதி மறுபடி வண்டி ஏறினார்.

மூன்று வாரம் சம்பளம் இல்லை. மைலுக்கு 58 சென்ட், வாரத்துக்குச் சுமார் 2,500 மைல் என்று கணக்குப் போட்டால் 4,350 டாலர். அதைவிட என்னை வருத்தியது வேறு. எடை நிலையத்தில் எழுதிய சோதனை அறிக்கை மூன்று வருடம் அவருடைய பதிவில் இருக்கும். புதிதாக வேலைக்கு எடுக்கும் கம்பெனி அவர் சம்மதத்தோடு அதைப் பார்க்கலாம். இப்போதைய கம்பெனியின் பாதுகாப்பு மதிப்பீட்டிலும் 24 மாதம் அது எண்ணப்படும். ஏழு வருடமாக ஒரு கறை இல்லாத பதிவு அது.

ஒன்றைத் தனியாகச் சொல்லிவிடுகிறேன். இங்கே சொன்னதெல்லாம் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்குத்தான். வேலை அனுமதி அட்டையை வைத்து, இங்கே நிலையான வீடு இல்லாதவர் என்ற வகையில் சி.டி.எல். வாங்கியவர்களின் விதிகள் வேறு. 2025 செப்டம்பரிலிருந்து அவை கடுமையாக மாறி, நீதிமன்றம் வரை போயின. அவர்கள் இந்தக் கணக்கைத் தங்களுக்குப் பொருத்திப் பார்க்க வேண்டாம். மாற்றுவதற்கு முன் வழக்கறிஞரிடம் கேளுங்கள்.

அக்டோபரில் ஒரு நாள் மறுபடி போன். ஹாஸ்மாட் தேர்வு எழுதிவிட்டு வெளியே வந்திருக்கிறார், 30-க்கு 27. சந்தோஷமாகப் பேசிவிட்டு, கடைசியில் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “ஏந்தம்பி, அந்த ஆர்கன்சாஸ் ரிப்போர்ட்ட எப்படியாச்சும் எடுத்துடலாமுங்களா?”

தப்பாக எழுதப்பட்ட அறிக்கை என்றால் எதிர்த்து மனுப் போட இணையத்தில் ஒரு வழி இருக்கிறது, நானே பலருக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். இது சரியாக எழுதப்பட்ட அறிக்கை. “இல்லைங்ணா, 2028 ஆகஸ்ட் வரைக்கும் இருக்கும்” என்றேன். “சரி தம்பி” என்றார். அப்புறம், வாடகை ஒப்பந்தத்தை அடுத்த வருடம் புதுப்பிக்கும்போது தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி வீட்டில் சொல்லிவிட்டதாகச் சொன்னார்.